நாற்பதாண்டு ஊசி, ஐந்தாண்டு உதவித்தொகை

கார்த்திகை நெருங்கினால் விருத்தாசலத்துப் பீங்கான் கூடங்களில் அகல் விளக்கு வேலை மும்முரமாகும். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் அது. அதே கார்த்திகையை ஒட்டி, நவம்பர் 21 தொடங்கி டிசம்பர் 4 வரை, நாடெங்கும் அரசு மருத்துவமனைகளில் வாசக்டமி (ஆண் கருத்தடை அறுவை) இருவார விழா நடக்கிறது. விளக்கை வாங்க ஆள் உண்டு. விழாவுக்கு ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் அறுவை செய்துகொண்ட இணைகள் 0.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு இன்னும் அதிகம், பாதியைத் தாண்டிவிட்டது. ஆண்களின் பங்கு அரை விழுக்காட்டைத் தொடவில்லை. ‘கு.க. ஆபரேஷன்’ என்றாலே இங்கே பெண்ணுக்குச் செய்வது என்றுதான் பொருள்.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு மனப்போக்கு ஒரு காரணம். இன்னொன்று, ஆணின் முன்னால் இருக்கும் தெரிவுகளே இரண்டுதான்: ஆணுறை, வாசக்டமி. இரண்டும் நூறாண்டைத் தாண்டியவை. பெண்ணுக்கு மாத்திரை, ஊசி, காப்பர்-டி, தோலடிக் குச்சி என்று அடுக்கடுக்காக வந்த காலத்தில் ஆணுக்கு ஏன் எதுவும் வரவில்லை? கேள்வி அறுபது ஆண்டுப் பழையது. அதற்குச் சொல்லப்பட்ட பதில்களும் பழையவை. அண்மைக் காலத்தில் வேறொரு பதிலும் சேர்ந்திருக்கிறது: மருந்து வராததற்குக் காரணம், அதைத் தேடுவதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள இளம் ஆய்வாளர்களுக்கு வழி இல்லாமல் போனது. பழைய பதில்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இந்தப் புதிய பதில் எவ்வளவு தாங்கும் என்று எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை.

உடலா, சந்தையா, ஆணா

முதல் பதில் உடலியலைக் காட்டுகிறது. பெண்ணிடம் மாதத்துக்கு ஒரு முட்டையைத் தடுத்தால் போதும். ஆணின் உடலிலோ நொடிக்கு ஆயிரம் என்ற கணக்கில் விந்தணுக்கள் உருவாகின்றன. ஒரு விந்தணு முழுமை பெற இரண்டரை மாதம் ஆகும். எனவே எந்த மருந்தும் தொடங்கிய அன்றே வேலை செய்யாது, நிறுத்திய அன்றே விலகவும் செய்யாது. போதாததற்கு, ரத்தத்தில் வரும் பொருட்கள் விதைக்குள் எளிதில் நுழையாதபடி உடலே ஒரு வேலியும் போட்டிருக்கிறது. இவை அனைத்தும் உண்மை. ஆனால் ‘கடினம்’ என்பதும் ‘முடியாது’ என்பதும் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு நாடுகளைச் சேர்ந்த 271 ஆண்களுக்கு வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடப்பட்டது. விந்தணு அறவே நின்றுபோனவர்களின் மனைவியரிடம் கருத்தரிப்பு மிக அரிதாகவே இருந்தது. சீனாவில் 1,045 ஆண்களிடம் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வும் மாதம் ஒரு ஊசி போதும் என்று காட்டியது. ஆக, கொள்கை அளவில் ஆணின் உடல் ஒத்துக்கொள்ளும் என்பது தெரிந்தே முப்பதாண்டுக்கு மேல் ஆகிறது.

இரண்டாவது பதில் கம்பெனிகளின் கணக்குப் புத்தகம். நெதர்லாந்தின் ஆர்கனானும் ஜெர்மனியின் ஷெரிங்கும் கைகோத்து, தோலடிக் குச்சியும் ஊசியும் சேர்ந்த ஒரு முறையைச் சுமார் 350 ஆண்களிடம் சோதித்தன. முடிவுகள் மோசமில்லை. ஆனால் 2006இல் ஷெரிங்கை பேயர் வாங்கியது. அடுத்த ஆண்டு ஆர்கனானும் கை மாறியது. திட்டம் மூட்டை கட்டப்பட்டது. அறிவியல் தோற்று முடிந்த கதையல்ல இது. இந்தப் பதிலின் பலவீனம், அது பாதிதான் விளக்குகிறது என்பது. லாபம் தராத மலேரியா மருந்துகளும் தடுப்பூசிகளும் பொதுப் பணத்தில் வந்திருக்கின்றன. ஆண் கருத்தடைக்கு மட்டும் பொதுப் பணம் ஏன் தொடர்ந்து வரவில்லை என்பதற்குச் சந்தையில் விடை இல்லை.

மூன்றாவது பதிலை டீக்கடையிலும் கேட்கலாம்: ‘எந்த ஆம்பளை போட்டுக்குவான்?’ ஒன்பது நாடுகளில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2005இல் வெளியான கருத்தாய்வில், பாதிக்குச் சற்று அதிகமானோர் புதிய முறை வந்தால் பயன்படுத்தத் தயார் என்றார்கள். அந்த ஒன்பதில் இந்தியா இல்லை என்பதையும், தயார் என்று வாயால் சொல்வதற்கும் ஊசிக்குக் கை நீட்டுவதற்கும் இடையில் உள்ள தூரத்தையும் மறக்கக் கூடாது. இருந்தாலும் நம் வரலாறு இந்தப் பதிலுக்கு எதிராகவும் சாட்சி சொல்கிறது. 1950களின் பிற்பாதியில் சென்னை மாநிலம், தலைமைச் செயலர் ஆர்.ஏ. கோபாலசுவாமியின் முனைப்பில், அறுவை செய்துகொள்வோருக்கு ரொக்கம் கொடுத்தபோது வந்தவர்களில் ஆண்கள் ஏராளம். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 63 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாசக்டமிகள் நடந்தன. அங்கே வறுமையும் ஊக்கத்தொகையும் எவ்வளவு வேலை செய்தன என்ற கேள்வி உண்டுதான். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77இல் நடந்த சுமார் 82 லட்சம் அறுவைகளில் 62 லட்சம் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை, பெருமளவில் கட்டாயத்தின் பேரில். அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் ஆணை நோக்கி இந்தப் பேச்சை எடுக்கத் துணியவில்லை. ஆண் மறுத்தான் என்பதைவிட, அரசு அவனிடம் கேட்பதையே நிறுத்திக்கொண்டது என்பது நடந்ததற்கு நெருக்கமாக இருக்கும்.

நான்காவது பதில் பாதுகாப்பின் அளவுகோலைப் பற்றியது. பிரசவ ஆபத்து பெண்ணுக்கு உண்டு. அதனால் மாத்திரையின் பக்கவிளைவை அதனுடன் ஒப்பிட்டு ஏற்கலாம். ஆணுக்குக் கர்ப்பம் இல்லை. எனவே அவன் மருந்தில் சிறு தீங்கும் கணக்கில் பெரிதாகத் தெரியும். 320 ஆண்களிடம் நடந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஊசி ஆய்வு, மனச்சோர்வு முதலான புகார்களால் 2011இல் வெளிக்குழு ஒன்றின் ஆலோசனைப்படி நிறுத்தப்பட்டது. அதில் பங்கேற்றவர்களில் முக்கால்வாசிப் பேர், கிடைத்தால் தொடர்வோம் என்று சொன்னது இதன் மறுபக்கம். தீங்கை ஒருவர் உடலோடு நிறுத்தி அளப்பதா, இணையரை ஒரு கூறாக எடுத்து அளப்பதா என்ற அறவியல் விவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்குள் இங்கே இறங்க வேண்டியதில்லை.

சூளைச் சூட்டிலிருந்து ஒரு தடம்

ஐந்தாவது, அதாவது ஆய்வாளர்களுக்கு வழி இல்லை என்ற அந்தப் புதிய பதிலுக்குப் போகும் வழியில் விருத்தாசலத்துக்கு மறுபடி வரலாம். விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவது காரணமில்லாமல் அல்ல. உடலின் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே விந்தணு ஒழுங்காக உருவாகும். சூளை முன்னால் நாளெல்லாம் நிற்பவரின் கதி என்ன? இத்தாலியில் பீங்கான் தொழிலாளர்களை வைத்து ஃபிகா-தலமான்காவும் சக ஆய்வாளர்களும் 1992இல் இதே கேள்வியைக் கேட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களிடம் குழந்தைப்பேறு தாமதமும் சிரமமும் கூடுதலாகக் காணப்பட்டன. விந்துப் பரிசோதனையிலோ வேறுபாடு அவ்வளவு தெளிவாக இல்லை. சூளை ஒரு கருத்தடைச் சாதனம் என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. ஆனால் வெப்பம் ஒரு வழியாகலாம் என்ற யோசனைக்கு நீண்ட வரலாறு உண்டு, அதன் ஒரு முனை இந்தியாவிலேயே இருக்கிறது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்து இங்கே பணியாற்றிய மார்த்தா ஃபோகெலி என்ற மருத்துவர், ஏறக்குறைய 47 டிகிரி வெந்நீரில் நாள்தோறும் முக்கால் மணி நேரம், மூன்று வாரம் உட்கார்ந்தால் ஆறு மாதம் வரை கருத்தரிக்கச் செய்யும் திறன் தற்காலிகமாக நிற்கிறது என்று சில தன்னார்வலர்களை வைத்துப் பதிவுசெய்தார்.

அவருக்குப் பின் இந்தத் தடத்தை இந்தியாவில் அழுத்தமாகத் தொடர்ந்தவர் இல்லை. பிரான்ஸில் கதை வேறு. துலூஸில் ரோஜே மியூசே என்ற மருத்துவர், விதைகளை உடலோடு ஒட்டி உயர்த்தி வைக்கும் உள்ளாடையைப் பல்லாண்டு ஆராய்ந்தார். அந்தக் குழுவைச் சுற்றி ஆண்களின் இயக்கம் ஒன்றும் வளர்ந்தது. பிற்பாடு அதே கொள்கையில் ஒரு சிலிக்கோன் வளையம் வந்து விற்பனையானது. சோதனைச் சான்று போதாது என்று 2021 டிசம்பரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் விற்பனையை நிறுத்தி வைத்தது. யோசனை இரு இடத்திலும் ஒன்றே. ஓரிடத்தில் ஒருவர் தன் பணிக்காலம் முழுதும் அதனுடன் இருந்தார். இன்னோரிடத்தில் அது குறிப்பேட்டோடு நின்றது. அந்தப் பிரெஞ்சுத் தடமும் உறுதியான சான்றில் போய் முடியவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இலைச்சாறு, எலி, ஆய்வேடு

தமிழ்நாட்டில் விந்தணு ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்து உட்சுரப்பியல் துறை நெடுங்காலம் ஆண் இனப்பெருக்க இயக்குநீர்களை ஆராய்ந்தது. திருச்சி பாரதிதாசன் பல்கலையில் எம்.ஏ. அக்பர்ஷாவும் பி. முருகையனும் நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடை ஆண் எலிகளுக்குக் கொடுத்து, விந்தணு எண்ணிக்கையும் நீந்தும் திறனும் குறைவதை 2000இல் வெளியிட்டார்கள். (டெங்கு காலத்தில் நிலவேம்புக் குடிநீர் குடித்தவர்கள் பதற வேண்டாம். எலிக்கு வாரக்கணக்கில் கொடுத்த அளவு வேறு, சில நாள் கஷாயம் வேறு.) ஜெய்ப்பூரில் என்.கே. லோஹியாவின் குழு பப்பாளி விதையை லங்கூர் குரங்கு வரை கொண்டுசென்றது. டெல்லியில் ஜி.பி. தல்வாரின் குழு வேப்பெண்ணெயை எலியின் விந்துநாளத்திலேயே செலுத்திப் பார்த்தது.

இவற்றைச் சுற்றி, இந்தியப் பல்கலைக்கழக விலங்கியல் துறைகளில் ஒரு தனி வகைமையே உருவானது. ஒரு மூலிகையின் சாறு, அறுபது நாள் எலிக்கு ஊட்டல், விந்தணு குறைவு, ஆய்வேடு, பட்டம். அடுத்தவர் அடுத்த இலையை எடுப்பார். இதைக் கேலி செய்வது எளிது. ஏன் இப்படி அமைந்தது என்று கேட்பது அதிகம் பயன்தரும். ஆய்வு மாணவருக்கான இளநிலை உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) இரண்டாண்டு, முதுநிலை உதவித்தொகை (எஸ்.ஆர்.எஃப்.) மூன்றாண்டு. 2023இல் உயர்த்தப்பட்ட பின் மாதம் 37,000 ரூபாயும் 42,000 ரூபாயும் வருகிறது. ஐந்தாண்டுக்குள் தொடங்கி முடிக்கக்கூடிய, விலங்கியல் துறை ஒன்றின் சுவருக்குள்ளேயே அடங்கிவிடக்கூடிய வேலை எதுவோ அதுவே ஆய்வுத் தலைப்பாகும். சாற்றில் வேலை செய்யும் மூலக்கூறைப் பிரிக்க வேதியியலாளர் வேண்டும், நச்சுத்தன்மை பார்க்க வேறு கூடம் வேண்டும், விளைவு மீளுமா என்று தெரிய ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் உதவித்தொகை தீர்ந்துவிடும். உதவித்தொகையின் நீளம்தான் ஆராய்ச்சியின் நீளத்தைத் தீர்மானிக்கிறது என்று இதிலிருந்து ஊகிக்க இடமுண்டு.

மீளுமா என்ற கேள்வி சின்னதல்ல. சீனாவில் பருத்திக்கொட்டை எண்ணெய் சாப்பிட்ட கிராமங்களில் குழந்தைப்பேறு குறைந்ததைக் கவனித்து, 1970களில் காசிபால் என்ற பொருளை எட்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களிடம் சோதித்தார்கள். விந்தணு நின்றது. கூடவே சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தது. கணிசமானோருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பவில்லை. உலக சுகாதார நிறுவனம் அந்தப் பாதையைக் கைவிட்டது. எலியில் வெற்றி என்ற இடத்திலேயே நிற்கும் ஆய்வுகளை ஏன் நம்பி முன்னேற முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை.

ஒருவர் தோளில் நின்ற ஊசி

ஐந்தாவது பதிலுக்கு மிக வலுவான சான்றும், ஒருவகையில் எதிர்ச்சான்றும், ஒரே கதையில் கிடைக்கின்றன. அது ரைசக். விந்துநாளத்துக்குள் ஸ்டைரீன் மாலிக் அன்ஹைட்ரைடு என்ற பாலிமரை டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்துச் செலுத்துவார்கள். அது நாளத்தின் உட்சுவரில் படிந்து, கடந்துபோகும் விந்தணுவைச் செயலிழக்கச் செய்யும். வாசக்டமி போல வெட்டுவதில்லை. இதை உருவாக்கிய சுஜய் குஹா 1940இல் பிறந்தவர். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மின்பொறியாளர். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி டெல்லி ஐ.ஐ.டி.யிலும் எய்ம்ஸிலும் உயிரிமருத்துவப் பொறியியலுக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர். ஆசிரியராக இருந்துகொண்டே எம்.பி.பி.எஸ். படித்து மருத்துவரானவர். குடிநீர்க் குழாயின் உட்புறத்தில் பாலிமர் பூசிக் கிருமியைக் கொல்ல முடியுமா என்று யோசித்ததில் பிறந்ததுதான் இந்த ஊசி. பொருளறிவியலும் மருத்துவமும் ஒரே மண்டைக்குள் சந்தித்ததன் விளைவு.

ஆண்டுகளைப் பாருங்கள். முதல் கட்டுரை 1979. மனிதரிடம் முதல் கட்டச் சோதனை வெளியானது 1993. இரண்டாம் கட்டம் 1997. மூன்றாம் கட்டம் தொடங்கி, சிறுநீரில் புரதம், விதைப்பை வீக்கம், பொருளின் நச்சுத்தன்மை ஆகிய ஐயங்களால் 2002ஐ ஒட்டி நிறுத்தப்பட்டு, பிறகு மீண்டும் எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆர்.எஸ். சர்மா முதலானோர் ஜெய்ப்பூர், டெல்லி, உதம்பூர், கரக்பூர், லூதியானா ஆகிய ஐந்து மையங்களில் 303 மணமான ஆண்களிடம் நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 2023இல் அச்சேறியது. 97.3 விழுக்காட்டினருக்கு விந்தணு அறவே நின்றது. கருத்தரிப்பைத் தடுக்கும் திறன் 99 விழுக்காட்டை ஒட்டியது. குஹாவுக்கு அப்போது எண்பத்து மூன்று வயது. 2020இல் பத்மஸ்ரீ கிடைத்திருந்தது. ஊசி இன்னும் கடைக்கு வரவில்லை.

தொழில்வழி இல்லாததே தடை என்போர் இதை இப்படிப் படிப்பார்கள்: ஒரு மனிதனின் ஆயுளும் பிடிவாதமுமே திட்டத்தின் தூணாக இருந்தன; ஐ.ஐ.டி. என்ற நிரந்தர வேலை இல்லாதிருந்தால் 1979க்கும் 1993க்கும் இடையிலேயே எல்லாம் முடிந்திருக்கும். எதிர்வாதமும் வலுவானது. குஹாவுக்கு ஆண் கருத்தடைக்கென்று எந்தச் சிறப்பு உதவித்தொகையும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது நிரந்தரப் பணியும் ஓரளவு சுதந்திரமும். அதோடு, தாமதத்தின் பெரும்பகுதி நச்சுத்தன்மைச் சோதனையிலும் அனுமதியிலும் ஆள் சேர்ப்பதிலும் போனது. பத்து இளம் ஆய்வாளர்கள் இருந்திருந்தாலும் அதெல்லாம் அவ்வளவாகக் குறைந்திருக்காது. இரண்டுமே பாதி உண்மை என்றுதான் தோன்றுகிறது. கண்டுபிடிப்புக்கு ஒருவர் போதும். கண்டுபிடிப்பைச் சோதனைக் கட்டங்கள் வழியாக நடத்திச்செல்ல ஒரு தலைமுறை வேண்டும். அந்தத் தலைமுறை இங்கே மெலிந்திருந்தது.

இன்னொரு திட்டத்தையும் பக்கத்தில் வைக்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என்.ஆர். மவுட்கல், நாட்டுக் குரங்குகளை வைத்து எஃப்.எஸ்.எச். என்ற இயக்குநீருக்கு எதிரான தடுப்பூசியை வளர்த்தார். 1990களில் ஒரு சிறு மனிதச் சோதனை வரை போனது. விந்தணு குறைந்தது, ஆனால் அறவே நிற்கவில்லை. இங்கே திட்டம் நின்றதற்கு ஆளில்லாததைக் காரணமாகக் காட்டினால் அது மிகை. உயிரியல் ஒத்துழைக்கவில்லை என்பதே நேரான விளக்கம்.

பணத்தை எங்கே வைப்பது

ஆளுக்குப் பணம் கொடுப்பது என்ற யோசனை புதிதல்ல. 1960களில் ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகள் இனப்பெருக்க உயிரியலுக்குப் பெரும் பணம் கொட்டின. இந்திய ஆய்வுக்கூடங்களும் அதில் பயன்பெற்றன. 1972இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய மனித இனப்பெருக்க ஆராய்ச்சிச் சிறப்புத் திட்டம், வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்குப் பயிற்சி மானியமும் கூடங்களுக்கு நீண்டகால உதவியும் தந்தது. ஆண் கருத்தடைக்கென்றே ஒரு பணிக்குழுவும் வைத்திருந்தது. டெல்லிப் பல்கலையின் எம்.ஆர்.என். பிரசாத் போன்றோர் உலக அளவில் பேசப்பட்டது அந்தக் காலத்தில்தான். பின்னர் அறக்கட்டளைகளின் ஆர்வம் வேறு பக்கம் திரும்பியது. மக்கள்தொகை அச்சம் கொண்டுவந்த பணம், அந்த அச்சம் தணிந்தபோது போய்விட்டது.

இன்றைய அமெரிக்காவில் இரண்டு வழிகள் கவனத்துக்குரியவை. ஒன்று, அரசின் கல்விக்கடன் அடைப்புத் திட்டம். கருத்தடை அல்லது குழந்தையின்மை ஆராய்ச்சியில் ஈடுபட ஒப்புக்கொள்ளும் இளம் மருத்துவர், ஆய்வாளரின் கடனை ஆண்டுக்கு 50,000 டாலர் வரை அரசே அடைக்கும். மருத்துவர்களுக்கு அங்கே கடன்சுமை பெரிது. அதைக் குறைத்தால் சம்பளம் குறைவான துறைக்கும் வருவார்கள் என்பது கணக்கு. மற்றொன்று, வட கரோலினாவின் டர்ஹமில் உள்ள மேல் கான்ட்ராசெப்டிவ் இனிஷியேட்டிவ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு. இயக்குநீர் சாராத, மீளக்கூடிய முறைகளைத் தேடுவோருக்கு ஆய்வு மானியத்தோடு, மாணவர்களுக்கும் முதுமுனைவர் ஆய்வாளர்களுக்கும் தனியே உதவித்தொகை தருகிறது. இளையோர் இத்துறைக்கு என்ன தரமுடியும் என்பதற்கு மெலனி பால்பாக்கைக் காட்டலாம். நியூயார்க்கில் வைல் கார்னெல் கல்லூரியில் முதுமுனைவர் ஆய்வாளராக இருந்தபோது, விந்தணு நீந்தத் தேவையான ஒரு நொதியைச் சில மணி நேரம் முடக்கினால் எலி கருத்தரிக்கச் செய்வதில்லை என்ற 2023ஆம் ஆண்டு ஆய்வின் முதல் ஆசிரியர் அவரே. இப்போது மிச்சிகன் மாநிலப் பல்கலையில் சொந்தக் கூடம் நடத்துகிறார். ஒரு எடுத்துக்காட்டு எதையும் நிரூபிக்காது. எந்த வயதில் புதுச் சிந்தனை வருகிறது என்பதை நினைவூட்டுகிறது, அவ்வளவே.

ஆளுக்கான தனி உதவித்தொகையை எதிர்ப்போர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. வேலை இல்லாத துறைக்கு ஆள் தயாரிப்பது அந்த ஆளுக்குச் செய்யும் தீங்கு என்கிறார்கள். ஃபோர்டு பணத்தில் பயிற்சி பெற்ற பலர் பணம் வற்றியதும் வேறு துறைகளுக்குப் போக நேர்ந்தது. கொடுப்பவர் ஒருவர் இருவர்தான் என்றால், அவர் மனம் மாறும்போது துறையே ஆட்டம் காணும். இதற்கு மாற்றாக, பணத்தை மூலக்கூறிலும் சோதனைக் கட்டத்திலும் வைக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். அமெரிக்கத் தேசியக் குழந்தைநல நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சிலும் சேர்ந்து 2018இல் தொடங்கிய தோள்பட்டை ஜெல் சோதனையில் நானூறுக்கு மேற்பட்ட இணைகள் பங்கேற்றார்கள். இயக்குநீர் சாராத ஒய்.சி.டி.-529 மாத்திரை 16 ஆண்களிடம் முதல் கட்டச் சோதனையை முடித்து 2025இல் அறிக்கை வெளியிட்டது. பொருள் நகர்ந்தால் ஆள் தானே வருவான் என்பது இந்தக் கட்சி. ஆனால் அந்த ஜெல்லும் மாத்திரையும் ஒரே இரவில் முளைத்தவை அல்ல. மின்னசோட்டாவின் குண்டா ஜார்ஜ் போன்றோர் பத்திருபது ஆண்டு உட்கார்ந்திருந்த இடத்தில் முளைத்தவை.

இந்தியாவில் இரண்டு வழியுமே தனிப்பெயர் சூட்டிக்கொள்ளவில்லை. இன்ஸ்பயர் ஆசிரியத் திட்டம், ராமலிங்கசுவாமி மறுவரவு உதவித்தொகை, இந்தியா அலையன்ஸின் தொடக்கநிலை உதவி ஆகியவை குறிப்பிட்ட தலைப்பு எதற்கும் ஒதுக்கப்படாத பொதுத் திட்டங்கள். தகுதி மட்டும் பார்க்கின்றன. அனைத்தும் ஐந்தாண்டு. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் இளம் ஆய்வாளர் மானியம் மூன்றாண்டு. பொதுத் திட்டங்களின் நடுநிலை நல்லதுதான். ஆனால் நடுநிலையான போட்டியில் ஜெயிப்பது விரைவில் கட்டுரை தரும் தலைப்பு. விந்தணு ஆய்வாளர் ஒருவர் புற்றுநோயையோ சர்க்கரை நோயையோ தன் விண்ணப்பத்தில் நுழைத்துக்கொள்வது புத்திசாலித்தனம், துரோகமல்ல.

எதிர்க் கடையில் கூடுதல் சம்பளம்

இளம் ஆய்வாளர் துறையை விட்டு எங்கே போகிறார் என்று பார்த்தால் இன்னொரு பொருளாதாரம் தெரிகிறது. சென்னையில் தொடங்கி மாவட்டத் தலைநகர்கள் வரை கருத்தரிப்பு மையங்கள் பெருகிவிட்டன. விந்தணுவை எண்ணவும் உறையவைக்கவும் முட்டைக்குள் செலுத்தவும் தெரிந்த எம்.எஸ்சி. உயிரியல் மாணவருக்கு அங்கே வேலை காத்திருக்கிறது. விந்தணுவைக் கூட்டத் தெரிந்த கைக்குச் சம்பளம் உண்டு. அதே விந்தணுவை நிறுத்தக் கற்க விரும்பும் கைக்குத் தற்காலிகத் திட்டப் பணி. இரண்டு வேலைக்கும் அடிப்படை அறிவு ஒன்றே. ஒரு துறையின் நுண்ணோக்கிகளிலும் பயிற்சியிலும் இன்னொரு துறை சவாரி செய்ய முடியும் என்ற வாய்ப்பு இதில் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கக் கடன் அடைப்புத் திட்டம் கருத்தடையையும் குழந்தையின்மையையும் ஒரே பெயருக்குள் சேர்த்திருப்பது தற்செயலாக இருக்காது.

கருத்தடை ஆய்வுக்கு ஆள் வேண்டும் என்பதை நேரம் தவறிய கோரிக்கை என்றும் சொல்லலாம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை எண்ணிக்கை 2019-21இலேயே 1.8. தொகுதி மறுவரையறை பேச்சு எழுந்த பின், குழந்தை பெறுங்கள் என்று மேடையிலிருந்தே கேட்கிறார்கள். இந்தச் சூழலில் கருத்தடைக்குப் புதிய ஆய்வாளர் எதற்கு? மக்கள்தொகையை முன்னிட்டுப் பேசினால் பதில் இல்லை. பெரியார் 1930களில் கர்ப்பத்தடையைப் பேசியது நாட்டின் தலைக்கணக்குக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காக. அந்த நியாயம் பிறப்புவிகிதம் இறங்கியதால் காலாவதியாவதில்லை. ஆனால் நியாயம் மாறும்போது பணம் தருபவரும் மாற வேண்டியிருக்கும். குடும்பநலத் துறையின் இலக்குப் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்குமா என்பது ஐயமே.

முடிவாகாதவை

ஐந்து பதில்களையும் அருகருகே வைத்தால், ஆள் பற்றாக்குறை என்பது மற்ற நான்கையும் வீழ்த்திவிட்டு நிற்கும் விளக்கம் அல்ல; காசிபாலையும் தடுப்பூசியையும் நிறுத்தியது உயிரியல், ஷெரிங் திட்டத்தை நிறுத்தியது வணிகம். ஆனால் அந்தத் தோல்விகளிலிருந்து மறுபடி எழுந்து வேறு வழி தேடுவதற்கு யாரோ மிச்சம் இருக்க வேண்டும். பல இடங்களில் அந்த யாரோ இல்லை. இந்த அளவுக்கு ஐந்தாவது பதிலை ஏற்கலாம். தனிப்பெயர் கொண்ட உதவித்தொகையா, பத்தாண்டு நிரந்தரப் பணியா, எது நல்லது என்பதற்கு ஒப்பீட்டுச் சான்று மெலிது. குஹாவின் வாழ்க்கை இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. பால்பாக்கின் வாழ்க்கை முதலாவதை மறுக்கவில்லை.

ரைசக்கிலேயே பதில் தெரியாத பெரிய கேள்வி மீள்தன்மை. விலங்குகளில் பாலிமரைக் கரைத்து வெளியேற்ற முடிந்திருக்கிறது. ஊசி போட்டுக்கொண்ட ஆண் மீண்டும் தந்தையாக முடியுமா என்பதற்கு மனிதரிடம் தனிச் சோதனை தேவை. அது முடிய இன்னும் பத்தாண்டு ஆகலாம். விருத்தாசலத்துச் சூளைத் தொழிலாளர்களை வைத்து இத்தாலிய ஆய்வைத் திருப்பிச் செய்வதாக வைத்துக்கொண்டாலும் கணக்கு அதே. சித்திரை வெயிலிலும் மார்கழிப் பனியிலும் ஒரே ஆணின் விந்தணுவைத் திரும்பத் திரும்ப எண்ண வேண்டும். வேலையை விட்டவர்களைத் தேடிப்போக வேண்டும். யாருக்கு எப்போது குழந்தை பிறந்தது என்று ஆண்டுக்கணக்கில் குறிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் நம்பிப் பேச, ஆய்வாளர் அந்த ஊரிலேயே பழக வேண்டும். முதல் ஐந்தாண்டுக்கு இன்றைய திட்டங்களில் ஏதேனும் ஒன்றில் பணம் கிடைத்துவிடும். ஆறாம் ஆண்டு அந்தப் பதிவேட்டை யார் கையில் கொடுப்பது என்பது இன்னும் எந்த விண்ணப்பப் படிவத்திலும் கேட்கப்படாத கேள்வி.